சாக்கடைக்கு முன் ஒரு கரிப்படுகை

சென்னை சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஏறி எண்ணூரைக் கடந்தால் அத்திப்பட்டு புதுநகர் வரும். அடுத்த நிறுத்தம் அத்திப்பட்டு. ‘சிட்டிசன்’ படத்தில் வரைபடத்திலிருந்தே காணாமல் போன அத்திப்பட்டியோடு இந்த ஊரைக் குழப்பிக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த ஊர் அவ்வளவு சுலபமாகக் காணாமல் போகாது. வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் வெகு தூரத்திலிருந்தே அடையாளம் காட்டிவிடும். அருகில் வல்லூர் அனல்மின் நிலையம், கிழக்கே காமராஜர் துறைமுகம். கப்பலில் வந்து இறங்கும் நிலக்கரி இங்கே எரிந்து மின்சாரமாகிறது. இந்திய நிலக்கரியில் சாம்பல் அதிகம்; நூறு கிலோவை எரித்தால் 30 முதல் 45 கிலோ வரை சாம்பலாக மிஞ்சும். அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குளங்களுக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்கள் கசிந்து கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் சாம்பல் படிந்ததும், மீனவர்கள் போராடியதும், விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனதும் ஊரறிந்த கதை.

அதே வட்டாரத்தில் ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் இன்னொரு கசிவு நடந்துகொண்டிருக்கிறது. அதன்மேல் யாரும் வழக்குப் போடுவதில்லை. குளித்த தண்ணீர், துணி துவைத்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர். கிராமப்புறங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் குழாய்த் தண்ணீர் தர வேண்டும் என்பது 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல். வீட்டுக்குள் வரும் தண்ணீரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இப்படிக் கழிவாக வெளியேறும். நான்கு பேர் உள்ள வீட்டில் நாளுக்குச் சுமார் 150 லிட்டர். தண்ணீர் கொண்டுவர ஆயிரக்கணக்கான கோடிகள் செலவாகின்றன. வந்த தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்வியைத் தெருவோரத்துக் கால்வாயிடம் விட்டுவிடுகிறோம்.

இந்தத் தண்ணீரில் மலம் இல்லை. கழிப்பறை செப்டிக் டேங்குக்குத் தனியே போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆனாலும் இது சாதுவான தண்ணீர் இல்லை. சோறு வடித்த கஞ்சியின் மாவுச்சத்து, எண்ணெய், சோப்பு, தோலிலிருந்து உதிர்ந்தவை, குழந்தையின் துணியில் ஒட்டியிருந்தவை எல்லாம் சேர்ந்து வருகின்றன. இதையெல்லாம் தின்று செரிக்க நுண்ணுயிரிகள் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் ஆக்சிஜன் தேவைப்படும் என்பதுதான் பிஓடி என்று அறிக்கைகளில் வரும் எண். குளியல், சமையல் கழிவுநீரில் அது 100-லிருந்து 400 வரை இருக்கும். நம் ஊர் வெப்பத்தில் சுத்தமான தண்ணீரில் கரையக்கூடிய ஆக்சிஜனோ லிட்டருக்கு 8 மில்லிகிராம்கூட இல்லை. ஆக, தேங்கிய கால்வாயில் ஆக்சிஜன் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதன் பிறகு காற்று வேண்டாத நுண்ணுயிரிகளின் ஆட்சி.

அத்திப்பட்டில் இந்த ஆட்சிக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு. சென்னையின் குடிநீருக்காக மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் கிணறுகள் தோண்டி 1960-களிலிருந்து நிலத்தடி நீரை இறைத்தார்கள். இறைத்த இடத்தைக் கடல் நிரப்பியது. ஆரணி, கொசஸ்தலை ஆறுகளின் படுகையில் உப்பு நீர் பல கிலோமீட்டர் உள்ளே ஏறிவிட்டது. பக்கத்துக் காட்டுப்பள்ளியில் 2010-இல் நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்ததற்கு இந்த வரலாறும் ஒரு பின்னணி. கடல்நீரில் உப்பு மட்டும் இல்லை, சல்பேட்டும் இருக்கிறது. லிட்டருக்கு ஏறக்குறைய 2,700 மில்லிகிராம். உவர்ப்பு ஏறிய போர் தண்ணீரில் துணி துவைத்தால் அந்தச் சல்பேட்டில் ஒரு பங்கு சாக்கடைக்கும் போகும். ஆக்சிஜன் கிடைக்காத இடத்தில் சில நுண்ணுயிரிகள் சல்பேட்டை வைத்து மூச்சு விடுகின்றன. வெளியே விடுவது ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை வாடை அதுதான். அதுவே இரும்போடு சேர்ந்தால் இரும்பு சல்பைடு, கன்னங்கரிய சேறு. கடலோர ஊர்ச் சாக்கடை உள்நாட்டு ஊர்ச் சாக்கடையைவிட அதிகமாக நாறக்கூடும் என்பதற்கு இப்படி ஒரு வேதியியல் காரணம் உண்டு. அதை ஊர்க்காரர்களின் சுத்தக் குறைவு என்று முடிவு கட்டுவது அநியாயம்.

சோப்பு விஷயத்திலும் ஆக்சிஜன்தான் நடுநாயகம். 1950-களில் புழக்கத்துக்கு வந்த டிடர்ஜெண்டுகளின் மூலக்கூறு கிளை கிளையாகப் பிரிந்திருந்தது. நுண்ணுயிரிகளால் அதைக் கடிக்க முடியவில்லை. ஐரோப்பிய ஆறுகள் நுரைத்துத் தள்ளின. 1960-களில் கிளையில்லாத நேர்ச்சங்கிலி மூலக்கூறுக்குத் தொழிற்சாலைகள் மாறின. இன்று நம் துணிப்பவுடரில் இருப்பது பெரும்பாலும் அதுதான். காற்றோட்டம் உள்ள இடத்தில் நுண்ணுயிரிகள் சில நாட்களில் இதைத் தின்று தீர்த்துவிடும். காற்றில்லாத கறுப்புச் சேற்றில் ஏறக்குறைய தொடவே தொடாது. மழைக்காலத்தில் பட்டினப்பாக்கம் கடற்கரையில் வெள்ளை நுரை கரையேறி, பிள்ளைகள் அதில் புகுந்து விளையாடிய படங்கள் 2019-இல் பத்திரிகைகளில் வந்தனவே, அந்த நுரைக்குப் பின்னால் ஆற்றில் காற்றுக் கிடைக்காமல் தப்பி வந்த நம் வீட்டுச் சோப்பும் இருந்தது.

முன்பு இவ்வளவு சிக்கல் இல்லை. கழுநீர் தொழுவத்துத் தொட்டிக்குப் போனது, குளித்த தண்ணீர் கொல்லையில் வாழைக்குப் போனது. தலைக்குச் சீயக்காய், பாத்திரத்துக்குச் சாம்பல். வாழையின் வேரடி மண் காற்றோட்டமாக இருந்தது, தண்ணீரும் கொஞ்சமாக வந்தது. மண்ணில் இருந்த உயிர்கள் வேலையை முடித்துவிட்டன. இன்று கொல்லை இல்லை, மாடும் இல்லை, தண்ணீரோ குழாயில் வருகிறது. அரசுத் திட்டங்கள் அதற்குச் சொல்லும் பதில் உறிஞ்சிக்குழி. மேட்டு நிலத்தில், செம்மண்ணில் நல்ல பதில்தான். அத்திப்பட்டு போன்ற தாழ்வான கடலோரச் சமவெளியில் ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் தரையை முட்டிக்கொண்டு நிற்கும். அப்போது குழி உறிஞ்சாது; அதுவே ஊறிப் பொங்கும். குழிக்குள் காற்றும் இருக்காது.

இந்த இடத்தில்தான் பயோசார் என்கிற கரி பேச்சுக்கு வருகிறது.

சாம்பலும் கரியும் ஒன்றுக்கொன்று எதிரான பொருட்கள். தாராளமாகக் காற்று கிடைத்து விறகு எரிந்தால் அதிலுள்ள கார்பன் முழுவதும் வாயுவாகிப் போய், எரியாத தாது உப்புகள் சாம்பலாக மிஞ்சும். காற்றை அடைத்துவிட்டு 350-லிருந்து 700 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் ஈரமும் தாரும் வாயுக்களும் வெளியேறி, கார்பனில் ஏறத்தாழ பாதி திடப்பொருளாக நின்றுவிடும். அதுதான் கரி. அனல்மின் நிலையச் சாம்பலையும் கரியையும் ‘எரிந்த மிச்சம்’ என்று ஒரே பட்டியலில் போட்டு, சாம்பலையே வடிகட்டியில் கொட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக், பாதரசம் போன்றவை செறிந்திருக்க வாய்ப்புண்டு. தண்ணீர் பட்டால் சில கரைந்து வரும். செங்கல்லுக்குப் போகட்டும், வடிகட்டிக்கு வேண்டாம்.

மரம் உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏற்றிய நுண்குழாய்கள் கரியான பிறகும் அப்படியே நிற்கின்றன. அவற்றின் சுவரில் அதைவிடச் சிறிய துளைகள், அந்தத் துளைகளுக்குள் இன்னும் சிறியவை. எல்லாவற்றின் உட்சுவரையும் விரித்துப் பரப்பினால் ஒரு கிராம் நல்ல கரி சென்னையில் ஒரு கிரவுண்டு மனை அளவுக்கு, அதாவது 220 சதுர மீட்டருக்கு வரும். மரத்தையும் சூட்டையும் பொறுத்து இது கூடும், குறையும். ஆலையில் நீராவி செலுத்திப் பதப்படுத்திய கரியில் 1,000 சதுர மீட்டரைத் தாண்டும். இந்தப் பரப்பில் கழிவு மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்கின்றன. சோப்பு மூலக்கூறுக்குத் தண்ணீரை விரும்பும் தலை ஒன்று, தண்ணீரை வெறுக்கும் வால் ஒன்று. வால் கரியின் மேல் ஒட்டிக்கொள்ளும். கரியைப் போட்டால் கலங்கிய கரைசல் நிறமிழக்கிறது என்பதை ரஷ்யாவில் தோபியாஸ் லோவிட்ஸ் 1785-இலேயே கண்டு சொன்னார். முதல் உலகப் போரின் விஷவாயு முகமூடிகளில் இருந்த கரியில் தேங்காய்ச் சிரட்டைக் கரியும் உண்டு.

பொதுவாகக் கரிக் கதை இங்கேயே முடிந்துவிடும்: கரி அழுக்கை உறிஞ்சும், தண்ணீர் சுத்தமாகும். இதை நம்பி வீட்டில் தொட்டி கட்டினால் ஏமாற்றம் நிச்சயம். ஒட்டிக்கொள்ளும் இடத்துக்கு அளவு உண்டு. நாளுக்கு 150 லிட்டர் கஞ்சியும் சோப்பும் வந்துகொண்டே இருந்தால் கிரவுண்டு மனை எவ்வளவு இருந்தாலும் வாரங்களிலோ மாதங்களிலோ நிரம்பிவிடும். நிரம்பிய பிறகும் கரிப்படுகை வருடக்கணக்கில் வேலை செய்கிறது என்பதுதான் வியப்பு. அப்போது வேலை செய்வது கரி இல்லை. அதில் குடியேறிய உயிர்கள்.

ஒரு பாக்டீரியாவின் நீளம் ஆயிரம் நானோமீட்டர் சுமாருக்கு. கரியின் பரப்பில் பெரும்பகுதி இருப்பதோ இரண்டு நானோமீட்டருக்கும் குறுகிய துளைகளில். அந்த மனைக்குள் பாக்டீரியாவால் காலடி வைக்கவே முடியாது. அவை வாழ்வது மரத்தின் பழைய நீர்க்குழாய்களிலும் கரித்துண்டுகளின் முரட்டு வெளிப்புறத்திலும். ஆனால் உள்துளைகள் ஒட்டவைத்து நிறுத்தும் உணவு மெல்ல மெல்ல வெளியே வந்து அவற்றுக்குக் கிடைக்கிறது. காலையில் எல்லோரும் குளித்துத் துவைக்கும்போது வெள்ளமாக வருகிற சோப்பை இரவு முழுவதும் நிதானமாகத் தின்னலாம். மணலில் இந்த வசதி இல்லை. தின்பதற்குள் தண்ணீர் கீழே ஓடிவிடும்.

கல்லிலும் மணலிலும் உயிர்களை வளர்த்துக் கழிவுநீரைச் சுத்தப்படுத்தலாம் என்ற அறிவு கரிப்படுகைக்கு முந்தியது. இங்கிலாந்தில் 1868-இல் அமைந்த ஆற்று மாசு ஆணையத்துக்காக எட்வர்ட் ஃப்ராங்க்லண்ட் என்ற வேதியியலர் லண்டன் கழிவுநீரை மணல், மண் அடைத்த குழாய்களில் ஊற்றிப் பார்த்தார். இடைவிடாமல் ஊற்றினால் படுகை கெட்டுப்போகிறது. ஊற்றி, வடியவிட்டு, காற்று உள்ளே புக அவகாசம் கொடுத்து மறுபடி ஊற்றினால் தொடர்ந்து வேலை செய்கிறது. நுண்ணுயிரிகளின் பங்கு இன்னும் தெளிவாகாத காலம் அது. 1887-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் லாரன்ஸில் தொடங்கிய சோதனை நிலையம் அதைத் துல்லியமாக்கியது. இன்றைய கரிப்படுகையும் அதே விதிக்குக் கட்டுப்பட்டது. வாளி வாளியாக, இடைவெளி விட்டு வருகிற வீட்டுத் தண்ணீர் இதற்கு இயல்பாகவே பொருந்தும். ஒவ்வொரு முறை தண்ணீர் கீழே இறங்கும்போதும் பின்னாலேயே காற்றை இழுத்துக்கொண்டு போகும்.

கரிப்படுகையின் கணக்கைத் தெளிவாகப் போட்டுப் பார்த்தவர்களில் முக்கியமானவர்கள் சுவீடனில் உப்சாலாவில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள். சஹர் தலாஹ்மேயும் அவரது குழுவினரும் 2012-இல் வெளியிட்ட சோதனையில் மரப்பட்டை, பதப்படுத்திய கரி, மணல் ஆகியவற்றைத் தனித்தனிக் குழாய்களில் அடைத்து ஒரே மாதிரியான குளியல், சமையல் கழிவுநீரை விட்டார்கள். பிஓடியில் கரி சுமார் 97 சதவீதத்தை நீக்கியது, மணல் 75. நைட்ரஜனில் வித்தியாசம் இன்னும் பெரிது: கரிப்படுகை பெரும்பகுதியைப் பிடித்தது, மணல் ஏறக்குறைய அப்படியே விட்டுவிட்டது. இது விலை கூடிய பதப்படுத்திய கரி என்பதை மறக்கக் கூடாது. மூட்டத்தில் சுட்ட சாதாரணக் கரிக்கு இதே எண்களை எதிர்பார்ப்பது பேராசை.

அதே குழு சில ஆண்டுகள் கழித்துச் செய்த இன்னொரு சோதனை எனக்கு இதைவிடப் பிடித்தது. உயிர்ப்படலம், அதாவது நுண்ணுயிரிகள் ஒட்டி வளர்ந்த படலம், உள்ள கரி, உயிர்ப்படலம் செயலிழந்த கரி, படலமே இல்லாத கரி, ஒப்பிடுவதற்கு மணல். இவற்றின் வழியே மருந்து கலந்த நீரை விட்டார்கள். வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் கார்பமாஸபின் நுண்ணுயிரிகளுக்குச் சுலபமாகச் செரிக்காத மூலக்கூறு. மணல் அதைப் பெரும்பாலும் போகவிட்டது. கரி பிடித்து வைத்துக்கொண்டது. காபியில் இருக்கும் கஃபீனோ உயிர்களுக்கு நல்ல தீனி. அவை இருந்தால் மணலில்கூட அது மறைந்துவிடும். செரிக்காததைக் கரி பிடிக்கிறது, செரிப்பதை உயிர்கள் தின்கின்றன. முதல் வேலைக்குக் காலக்கெடு உண்டு, இரண்டாவதற்குப் பராமரிப்பு இருந்தால் கெடு இல்லை. வீட்டுக் கழிவுநீரின் பெரும்பங்கு செரிக்கக்கூடியது என்பதால், தொட்டி கட்டுபவர் கரியின் தரத்தைவிடக் காற்றைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டும் என்பது என் கட்சி.

கரி செய்யாதவற்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அத்திப்பட்டின் பெரிய தொல்லைகள் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. சோடியம், குளோரைடு உப்புகள் கரியைத் தாண்டி அப்படியே போகும். உவர்ப்புத் தண்ணீர் உள்ளே போனால் உவர்ப்புத் தண்ணீர்தான் வெளியே வரும். துணிப்பவுடரின் சோடியமும் சேர்ந்துகொண்டால் அந்த நீரைத் தொடர்ந்து பாய்ச்சிய களிமண் இறுகித் தண்ணீர் இறங்காத மண்ணாகிவிடும். தென்னை, வேம்பு ஓரளவு தாங்கும், கீரைப்பாத்திக்கு ஆகாது. பாஸ்பேட்டைக் கரி அதிகம் பிடிக்காது, இரண்டுமே எதிர்மின்னூட்டம் கொண்டவை. கரியில் கலந்திருக்கும் சுண்ணாம்பும் மக்னீசியமும் கொஞ்சம் பிடிக்கும். கிருமிகள் விஷயத்தில் சதவீதம் கண்ணைக் கட்டும். 99 சதவீதம் நீங்கியது என்றால் பெரிய வெற்றி போலத் தோன்றும். நூறு மில்லிலிட்டரில் பத்து லட்சம் பாக்டீரியா இருந்தால் 99 சதவீதம் போன பிறகும் பத்தாயிரம் மிஞ்சும். மரத்தடிக்கு விடலாம், பச்சையாகத் தின்னும் எதன்மேலும் தெளிக்கக் கூடாது. குடிப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. தொழிற்சாலைக் கழிவு கலந்து வரும் கால்வாயில் வீட்டுக் கரிப்படுகையை வைத்துவிட்டு ஆற்றைக் காப்பாற்றியதாகச் சொல்வது ஏமாற்று வேலை. ஆலைக்கழிவை ஆலை வாசலிலேயே நிறுத்த வேண்டும்.

இப்போது கணக்கு. உப்சாலா சோதனையில் ஒரு சதுர மீட்டர் படுகைக்கு நாளுக்குச் சுமார் 32 லிட்டர்தான் விட்டார்கள். படுகையின் ஆழம் 60 சென்டிமீட்டர் அளவில். நம் வீட்டின் 150 லிட்டருக்கு அந்த விகிதத்தில் 4.7 சதுர மீட்டர் வேண்டும். ஒரு மீட்டர் விட்டமுள்ள சிமெண்டு உறை இருக்கிறதே, உறைக்கிணற்றுக்கு இறக்குவது, அதில் ஆறு. கொள்ளளவு ஏறத்தாழ 2.8 கன மீட்டர். கரி லேசானது, ஒரு கன மீட்டருக்கு 250 கிலோ என்று வைத்தால் 700 கிலோ கரி. நாலில் ஒரு பங்கு கரியாகத் தேறினால் காய்ந்த விறகு 2.8 டன். ஒரு வீட்டுக்கு! கரிப்படுகையைப் பற்றி உற்சாகமாக எழுதுபவர்கள் இந்தப் பெருக்கலைப் போட்டுக் காட்டுவதில்லை.

விறகுக்குப் பஞ்சமில்லை என்று சொல்லலாம். 1870-களில் சென்னை மாகாணத்தில் விதைத்த சீமைக்கருவேலம் (வட மாவட்டங்களில் வேலிகாத்தான் என்பார்கள்) ஏரிக்கரையையும் தரிசையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை அகற்றச் சொல்லி 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2022-இல் தமிழக அரசு அந்நியத் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் இந்த மரத்தில் மூட்டம் போட்டுக் கரி சுடுவது பல குடும்பங்களின் பிழைப்பு. கட்டைகளை அடுக்கி, வைக்கோலும் ஈரமண்ணும் பூசி, அடியில் தீ வைத்துக் காற்றுத் துளைகளை ஒவ்வொன்றாக அடைத்து நாட்கணக்கில் காத்திருப்பார்கள். உள்ளே எரிந்து சாம்பலாகிறதா, கரியாகிறதா என்பதைப் புகையின் நிறம் பார்த்துச் சொல்லும் கண் அவர்களுக்கு உண்டு. ஆனால் அந்தப் புகை அவர்கள் நெஞ்சுக்குள்தான் போகிறது, மீத்தேனும் வெளியேறுகிறது. ஹான்ஸ்-பீட்டர் ஷ்மிட், பால் டெய்லர் இருவரும் 2014-இல் வடிவமைத்த ‘கோன்-டிக்கி’ என்ற கூம்புத் தொட்டியில் சுள்ளிகளை அடுக்கடுக்காகப் போட, மேலே எரியும் தீயே அடியிலிருந்து வரும் வாயுவை எரித்துவிடுகிறது. கடைசியில் தண்ணீர் ஊற்றி அணைக்கிறார்கள். புகை மிகக் குறைவு. தரையில் கூம்பாகக் குழி தோண்டினாலும் இதைச் செய்யலாம். சுட்ட கரியை விரலில் தேய்த்துவிட்டு வெறும் தண்ணீரில் கழுவிப் பார்க்க வேண்டும். கறுப்பு போய்விட்டால் நல்ல கரி. பிசுபிசுத்துச் சோப்பு கேட்டால் தார் இருக்கிறது. அதை வடிகட்டியில் போடக் கூடாது, அந்தத் தாரில் புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்கள் இருக்கலாம்.

என்றாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் 700 கிலோ என்பது நடக்கிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை. இன்னொரு வழி உண்டு. உயிர்ப்படலம் தடித்து வளர்வதும் அழுக்கில் பெரும்பகுதி தீர்வதும் படுகையின் மேல் பகுதியில்தான். மேலே ஒரு சாண் உயரத்துக்குக் கரி, கீழே ஆற்று மணலோ எம்-சாண்டோ, அடியில் ஜல்லி என்று கலந்து போட்டால் கரியின் தேவை மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். நைட்ரஜனைப் பிடிப்பதில் கொஞ்சம் இழப்பு வரும். தண்ணீர் வெளியேறும் இடத்தில் வாழையோ கல்வாழையோ இருந்தால் அது எடுத்துக்கொள்ளும். வீடுகள் நெருக்கமாக இருக்கும் தெருவில் வீட்டுக்கு ஆறு உறை வைக்க இடமிருக்காது. அங்கே தெருக்கோடியில் பொதுப்படுகைதான் சரி. ஆரோவில்லில் பல குடியிருப்புகளின் கழிவுநீர் அந்தந்த இடத்திலேயே செடி வளர்த்த ஜல்லிப் படுகைகளில் சுத்தமாகிறது; அப்படிப்பட்ட படுகையில் ஜல்லியின் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கரி போடுவது சின்ன மாற்றம்தான்.

அத்திப்பட்டுக்குக் கட்டுவதானால் குழி தோண்டக் கூடாது. தரைக்கு மேலே உறை நிறுத்தி, அடியில் வெளியேறும் குழாய் மழைக்கால நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும்படி வைக்க வேண்டும். குளியலறைத் தரை தாழ்வாக இருந்தால் ஒரு சிறு மோட்டாரோ வாளியோ தேவைப்படும். இதைத் தவிர்க்க வழியில்லை. மாடித் தண்ணீர், மழைத் தண்ணீர் இதற்குள் வரவே கூடாது. கரித்துண்டுகள் இரண்டிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும். தூளை அலசிவிட வேண்டும்; அலசாவிட்டால் முதல் வாரம் கறுப்புத் தண்ணீர் வரும், தூளே படுகையை அடைத்தும்விடும். காய்ந்த கரி மிதக்கும் என்பதால் ஓரிரு நாள் ஊறவைத்து, மேலே ஜல்லி பரப்பி அமுக்க வேண்டும். புதுக்கரி காரத்தன்மை உள்ளது, ஊறுகிற தண்ணீரில் அதுவும் குறையும். தண்ணீர் ஒரே இடத்தில் கொட்டாமல் துளையிட்ட குழாயில் பரவி விழட்டும். உயிர்கள் குடியேறச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை வாடை வந்தால் பயப்பட வேண்டாம், பிறகும் வந்தால் காற்று போகவில்லை என்று பொருள்.

இந்தப் படுகைகளைக் கொல்வது பெரும்பாலும் எண்ணெய். மீன் பொரித்த சட்டியைக் கழுவிய தண்ணீர் நேரே கரிமேல் விழுந்தால் ஒரு படலம் மூடிக் காற்றை நிறுத்திவிடும். முன்னால் ஒரு சிறு தொட்டி கட்டி, தண்ணீரை அடியிலிருந்து எடுத்தால் எண்ணெய் மேலே மிதந்து நின்றுவிடும். அதை வாரம் ஒருமுறை யாராவது வழித்தெடுக்க வேண்டும். யார் என்பதுதான் தெருக்கோடிப் படுகைகளின் தலைவிதியை முடிவு செய்யும் கேள்வி. சட்டியைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுவது இதைவிட மலிவு. மேல்பரப்பில் தண்ணீர் தேங்கத் தொடங்கினால் ஒன்றிரண்டு உறைகளுக்குச் சில நாள் ஓய்வு கொடுக்கலாம். பட்டினி கிடக்கும் உயிர்ப்படலம் தன்னையே தின்று மெலிந்து வழிவிடும். அப்படியும் இறங்கவில்லை என்றால் மேலே நாலு விரல் கரியைச் சுரண்டி எடுத்துப் புதுக்கரி போட வேண்டும்.

எடுத்த பழைய கரி வீணில்லை. வீட்டுத் தண்ணீர் மட்டும் பார்த்த கரியில் அம்மோனியமும் கொஞ்சம் பாஸ்பேட்டும் ஏறியிருக்கும். எருவோடு கலந்து சில மாதம் மக்கவிட்டுத் தென்னையடியில் புதைத்தால் அதிலுள்ள கார்பனில் பெரும்பகுதி நூற்றாண்டுக் கணக்கில் மண்ணிலேயே கிடக்கும். அமேசான் காட்டில் பழங்குடிகள் கரி கலந்து உண்டாக்கிய கறுப்பு மண் இன்றும் விளைகிறது. ஆனால் சாம்பல் குளத்தின் ஓரத்திலோ ஆலைக் கால்வாயோரத்திலோ வளர்ந்த வேலிகாத்தானைக் கரியாக்குவதற்கு முன், அந்தக் கட்டையில் ஈயம், காட்மியம், ஆர்சனிக் எவ்வளவு என்று சோதித்தாக வேண்டும். கரியாக்கும்போது எடை குறைவதால் உலோகங்கள் கரியில் செறியும். ஆலைக் கழிவுநீர் ஒருமுறை கலந்துவிட்ட படுகையின் கரிக்கும் இதே சோதனை. அளவைத் தாண்டிவிட்டால் அது எரு இல்லை, அபாயகரக் கழிவு. அதைப் பாதுகாப்பாகப் புதைக்கும் தளம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கிறது.